நாற்பது நிமிட நோட்டீஸ்

அந்த அச்சகத்தில் எல்லோரும் அவளை டிசைனர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர், தண்ணீர் கேன் போடுகிறவர், கூரியர்காரர், எல்லோருக்கும் அக்கா. அவளைவிட ஐந்து வயது மூத்த முதலாளிக்கும் அக்கா. "சார், நான் உங்களைவிடச் சின்னவ" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அதனால என்னக்கா" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். நாற்பத்தாறு வயதில் சண்டை போட வேறு விஷயங்கள் இருந்தன, அவற்றுக்கே தெம்பு போதவில்லை.

அச்சகம் என்றவுடன் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஒரு கவுண்டர், அதன் பின்னால் கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்குள் அவளுடைய மேசை, அவள் முதுகுக்குப் பின்னால் மெஷின் அறை. அவளுடைய நாற்காலிக்கு ஐந்து சக்கரம், அதில் ஒன்று சுற்றாது. அதனால் அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாற்காலி தன் இஷ்டத்துக்கு வேறு பக்கம் போகும். இடுப்பு வலிக்கு அதுதான் காரணம் என்று அவள் நம்பினாள். டாக்டர் வயசு என்றார். அவள் நாற்காலியையே நம்பினாள்.

செய்கிற வேலை சின்னச் சின்ன வேலை. கடைத் திறப்பு நோட்டீஸ், பாராட்டுச் சான்றிதழ், டியூஷன் விளம்பரம், இறந்தவர் படம் போட்ட அஞ்சலி அட்டை. எல்லாம் ஒரு பக்கம். யாரோ ஒருவர் அவசரமாக வந்து நிற்பார், இவள் அரை மணியில் முடித்துக் கொடுப்பாள். எழுத்துப்பிழை இருக்காது. படம் கோணலாக இருக்காது. அந்தத் தெருவில் டிசைனர் அக்கா கை வைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைத் தவிர அவள் சம்பாதித்தது என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட அச்சகத்தில்தான் ப்ரிண்ட் வருவது மெதுவாகிக்கொண்டே போயிற்று.

ஒரே நாளில் வந்த கோளாறு இல்லை. ஒரு காலத்தில் அவள் இங்கிருந்து ப்ரிண்ட் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அங்கே தாள் விழும். அது பதினைந்து நிமிடம் ஆயிற்று. கூடுதல் ஐந்து நிமிடத்தை யார் கவனிக்கப் போகிறார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்து வரும் நேரம். முப்பது ஆனபோது மெஷின் பழசு என்றார்கள். இரண்டு வருடம் முன்பு முதலாளி புது மெஷின் வாங்கினார். கொஞ்ச நாள் சீக்கிரம் வந்தது. பிறகு அதுவும் பழைய பாதைக்கே வந்தது. இப்போது நாற்பது நிமிடம். ஒரு போட்டோ, எட்டு வரி எழுத்து, அதற்கு நாற்பது நிமிடம். தயாராகிவிட்டால் நூறு பிரதியும் இரண்டே நிமிடத்தில் வந்து விழும். அந்த முதல் தாளுக்குத்தான் இத்தனை பிரசவ வேதனை.

மெஷினை ஓட்டுகிறவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்பார்கள். ஐம்பத்தேழு வயது. முப்பது வருடம் பழைய அச்சு இயந்திரங்களின் இரைச்சலில் நின்று இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். யாராவது பேசினால் வலது காதைக் காட்டித் திரும்புவார். பதில் பேசுவது அபூர்வம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். மெஷினோடு ஒட்டியிருந்த சின்னக் கம்ப்யூட்டரின் திரை சுவரைப் பார்த்து இருந்தது. அச்சாகப் போகிற படம் அந்தத் திரையில்தான் துண்டு துண்டாக உருவாகும். அவர் அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு, மோவாயைக் கையில் தாங்கி, பார்த்துக்கொண்டே இருப்பார். வேறு எவரும் அந்த மூலைக்குப் போவதில்லை.

"பெரியவர் டிவி பாக்கறாரு" என்பார் முதலாளி.

முன்பெல்லாம் முதலாளி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆறு மாதமாகப் பெரியவரே ஆகிவிட்டார். மரியாதை கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அது அங்கே எல்லோருக்கும் தெரியும், மெஷின் அண்ணனுக்கும் தெரியும்.

அன்று சனிக்கிழமை. அக்கா பையை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டு உட்காரும் முன்பே முதலாளி தடுப்புக்குள் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்து மேசை மேலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"அக்கா, திங்கட்கிழமையிலேர்ந்து மெஷினுக்கு வேற ஆள் வரார்."

"அப்ப அண்ணன்?"

"எவ்வளவு நாளுக்கா பொறுத்துக்கறது? ஒரு நோட்டீஸுக்கு நாப்பது நிமிஷம். கஸ்டமர் பக்கத்துத் தெருவுக்குப் போறான்." குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் சொல்லிடணும். நீங்களே சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா கேட்டுக்குவார்."

"நானா?"

"எனக்கு அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வராதுக்கா."

அவளுக்கும் வராது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? முப்பது வருடம் ஒரே வேலை பார்த்த, ஒரு காது கேட்காத மனிதரை இந்த வயதில் எவர் வேலைக்கு எடுப்பார்கள் என்று அவள் யோசித்தாள். அவருடைய மகள் கல்லூரியில் கடைசி வருடம். மெஷின் அறையில் அவர் தாள்களை விசிறிப் பிரித்து அடுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதே மனிதரைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுவது அவளுக்குக் கேவலமாக இருந்தது. காலை ஒன்பதரைக்கே நாள் முடிந்துபோன மாதிரி ஓர் அசதி வந்தது.

பத்து மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இருவர் வந்தார்கள். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த தலைமை நர்ஸ் ஓய்வு பெறுகிறார். நாலு மணிக்குப் பாராட்டுக் கூட்டம். படத்தோடு ஒரு வாழ்த்து அட்டை, நூற்றைம்பது வேண்டும். அக்கா வழக்கம்போல முந்தின நாள் செய்த ஃபைலைத் திறந்தாள். அதைத் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அவள் கண்ணாடியைத் துடைப்பாள், டப்பாவில் என்ன கொண்டுவந்தோம் என்று பார்ப்பாள், அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொள்வாள். அவளுடைய சொந்த வாழ்க்கை பெரும்பாலும் ஃபைல் திறக்கும் நேரத்தில்தான் நடந்தது.

அட்டையை முடித்து பத்தே முக்காலுக்கு ப்ரிண்ட் கொடுத்தாள். பதினொன்றரைக்கு முதல் தாள் வந்தது. வந்ததைப் பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்கள், பெரிய டாக்டர் பெயர் இரண்டாவதாக இருக்கிறது, அவர் கோபித்துக்கொள்வார், மேலே போடுங்கள் என்றார்கள். போட்டாள். மறுபடி நாற்பது நிமிடம்.

இரண்டாவது தாளை அவர்கள் ஆஸ்பத்திரியில் காட்டிவர எடுத்துக்கொண்டு போனதும், முதலாளி வரச் சொல்லியிருந்த சர்வீஸ்காரர் வந்தார். இந்த ஆறு மாதத்தில் இது அவருடைய ஐந்தாவது வருகை. கேபிளை மாற்றியாயிற்று, வரிசையில் நின்ற பழைய ப்ரிண்ட்களை அழித்தாயிற்று, மெஷினுக்கான மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாய்ப் போட்டாயிற்று. இந்த முறை அவர் தன் பென்டிரைவிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். பக்கம் முழுக்க கலர், ஒரு மலையும் ஏரியும். மெஷின் அண்ணன் பட்டனைத் தட்டினார். இருபது விநாடியில் ஏரி வெளியே வந்தது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை சார். எழுதியே தரேன்" என்றார் சர்வீஸ்காரர்.

முதலாளி தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பார்த்தீர்களா, மெஷின் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர் போன வருடம் வாங்கியது, அப்படியானால் மிச்சம் யார் என்று அந்தத் தலையாட்டலுக்குப் பொருள். மெஷின் அண்ணன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

அக்கா தன் இடத்துக்கு வந்தாள். நாற்காலி ஒரு பக்கம் போயிற்று. அவள் மனசில் ஏதோ இடறியது. அந்த ஏரிப் படத்துக்குப் பட்டனைத் தட்டியதும் அதே அண்ணன்தானே? ஆளும் மாறவில்லை, கையும் மாறவில்லை. மலையையும் ஏரியையும் இருபது விநாடியில் கொடுத்தவர் எட்டு வரிக்கு மட்டும் ஏன் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளப் போகிறார்?

புதிதாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். அது உடனே திறந்ததே அவளுக்கு விசித்திரமாக இருந்தது, அவள் வெற்றுப் பக்கத்தைத் திறந்து வருடக்கணக்காகிறது. அதில் சோதனை என்று ஒரு வார்த்தை அடித்தாள். அதை ப்ரிண்ட் கொடுத்தாள். அவள் நாற்காலியை விட்டு எழும் முன்பே தாள் விழுந்துவிட்டது.

ஒரு பக்கம் இருபது விநாடி. இன்னொரு பக்கம் நாற்பது நிமிடம். நடுவில் இருந்தது அவள்தான்.

கிளம்பிக்கொண்டிருந்த சர்வீஸ்காரரை வாசலில் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கணும். என் ஃபைல்ல ஏதாவது இருந்தா இப்படி ஆகுமா?"

அவர் ஒரு காலை வண்டியில் போட்டுக்கொண்டே சொன்னார். "ஆகும். எத்தனை சாமான் உள்ள கிடக்குதுன்னு பாருங்க. கலர் எல்லாம் போய் வெறும் கோடா காட்டற பார்வை ஒண்ணு இருக்கும், அதுல போட்டா மறைஞ்சிருக்கறதெல்லாம் தெரிஞ்சிடும்." போய்விட்டார். ஐந்து தடவை வந்தவர் முதல் தடவையே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை மெஷினைப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். டிசைனர் அக்காவின் வேலையைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

அவள் அந்தப் பார்வையைத் தேடிப் பிடித்து நர்ஸ் அட்டையை அதில் போட்டாள். கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்தது. பிறகு திரை கறுத்துப்போயிற்று. அவ்வளவும் கோடு. கோட்டின் மேல் கோடு, எழுத்தின் மேல் எழுத்து, சட்டத்துக்குள் சட்டம். நர்ஸின் முகம் இருந்த இடமே தெரியவில்லை. கீழே ஒரு மூலையில் எண்ணிக்கை காட்டியது. பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தன் கை செய்த வேலை தனக்குத் தெரியாதா?

அவளுடைய வழி இதுதான். புது வேலை வந்தால் பழைய ஃபைலைத் திறப்பாள். அளவு, ஓரம், எல்லாம் தயாராக இருக்கும். பழைய வேலையை அழிக்க மாட்டாள். அதன் மேல் பக்கம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி போட்டு மூடிவிடுவாள். மூடினால் வெற்றுத் தாள் ஆகிவிடும். அதன் மேல் புது வேலையைச் செய்து வேறு பெயரில் சேமித்துவிடுவாள். அடுத்த வேலைக்கு இது பழைய ஃபைல். அதன் மேல் இன்னொரு வெள்ளைப் பெட்டி. யாருடைய கண்ணுக்கும் கீழே இருப்பது தெரியாது. ஆனால் மெஷினுக்குக் கண் கிடையாது. அது அடியிலிருந்து ஒவ்வொன்றையும் வரைந்து, வெள்ளையால் மூடி, மறுபடி வரைந்து, மறுபடி மூடி, கடைசியில்தான் நர்ஸிடம் வந்து சேரும். நாற்பது நிமிடமும் அது சும்மா இருக்கவில்லை. ஏழு வருட வேலையை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தது.

அவள் மேலே இருந்த வெள்ளைப் பெட்டியைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். நேற்றைய டியூஷன் விளம்பரம் வந்தது. அதற்குக் கீழே இருந்ததைத் தள்ளினாள். முந்தாநாள் அஞ்சலி அட்டை. பிறகு கொத்துக்கொத்தாகப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள். செருப்புக்கடை, பல் டாக்டர், ஓட்டப்பந்தயச் சான்றிதழ். இடம் மாறிய தையல்காரர். அதே தையல்காரர் மறுபடி பழைய இடத்துக்கே வந்த நோட்டீஸ். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், கொஞ்சம் கீழே அதன் அப்பா அம்மாவின் கல்யாண அழைப்பிதழ். தன் ஏழு வருடம் இப்படி ஒரே தாளில் அடுக்கிக் கிடக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அதில் அவளுடையது என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாம் ஊரார் வீட்டு விசேஷம்.

ஒரு மணிக்கு அம்மா போன் செய்தாள். தினமும் ஒரு மணிக்குச் செய்வாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிடணும்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

"அசதிம்மா. வேலை."

"சரி. நேரத்துக்கு வா." அம்மா வைத்துவிட்டாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் பேசுவதற்கு அவ்வளவுதான் இருந்தது. பேசாமல் விடுவதற்கு நிறைய இருந்தது.

டப்பாவைத் திறக்காமலே கீழே கீழே போனாள். இரண்டு மணி வாக்கில் கடைசி வெள்ளைப் பெட்டி வந்தது. அதைத் தள்ளுவதற்கு முன்பே கீழே இருப்பது என்னவென்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது. கை நின்றுவிட்டது. பிறகு தள்ளினாள்.

காணவில்லை என்று சிவப்பில் பெரிய எழுத்து. அதன் கீழே அவளுடைய தம்பி. நீலக் கட்டம் போட்ட சட்டை, வயது இருபத்து மூன்று, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், இடது புருவத்தில் தழும்பு. கீழே அவளுடைய போன் நம்பர். ஏழு வருடமாக அவள் மாற்றாத நம்பர்.

அவனுக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அவள்தான் வளர்த்தாள் என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வாள், ஆனால் அதுதான் நிஜம். புருவத்துத் தழும்புகூட அவள் இடுப்பிலிருந்து அவன் நழுவி விழுந்ததில் வந்தது. படிப்பு முடித்து ஒரு வருடம் வேலை இல்லாமல் இருந்தான். ஒருநாள் காலையில், "இன்னும் எத்தனை நாள் இப்படிச் சும்மா உக்காந்து சாப்பிடப்போறே" என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் திரும்பியபோது அவன் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, நண்பர்கள், ரயில் நிலையம், எல்லாம் பார்த்தாயிற்று. அவள் அப்போதுதான் இந்த அச்சகத்தில் சேர்ந்து ஒரு வாரம். முகம் தெளிவாக வரட்டும் என்று அவனுடைய போட்டோவை ஸ்கேனர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நுணுக்கமாக எடுத்தாள். இப்போது பார்த்தால், அந்தப் பதினெட்டாயிரத்தில் மிகக் கனமானது அந்த ஒரு முகம்தான்.

முன்னூறு பிரதி அடித்துக் கொடுத்தது மெஷின் அண்ணன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளோடு கூடவே வந்து சுவர் சுவராக ஒட்டியவரும் அவர்தான்.

நோட்டீஸ் முடிந்த மறுநாள் ஒரு கடைக்காரர் வந்து அவசரம் என்று நின்றார். அதே அளவு. அந்த ஃபைல்தான் திறந்திருந்தது. அவனைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பட்டன் மேல் விரலை வைத்தவளால் அதை அழுத்த முடியவில்லை. கடைக்காரர் நேரமாகிறது என்றார். அவள் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து அவன் மேல் போட்டாள். அன்று தொடங்கிய பழக்கம். ஏன் தொடங்கியது என்பது மறந்து, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மணியைப் பார்த்தாள். இரண்டே கால். நர்ஸ் அட்டையில் இன்னொரு திருத்தம் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் செய்திருந்தார்கள். சாயங்காலம் அண்ணனிடம் சொல்ல வேண்டியதும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஃபைலை மட்டும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால் திங்கட்கிழமை புது ஆள் வருவார், ப்ரிண்ட் பறக்கும், பாத்தீங்களா ஆளை மாற்றினதும் சரியாகிவிட்டது என்பார் முதலாளி. காலத்துக்கும் பழி அண்ணன் தலையில் நிற்கும். நடந்ததைச் சொன்னால் வேலை போவது தனக்காக இருக்கலாம். அம்மாவின் மாத்திரை, வீட்டு வாடகை, இந்த இடுப்பு. பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே எழுந்து கவுண்டருக்குப் போனாள்.

"சார், கொஞ்சம் உள்ள வாங்க. அண்ணே, நீங்களும் வாங்க."

முதலாளி இப்போதே சொல்லப்போகிறாளா என்கிற கலவரத்தோடு வந்தார். மெஷின் அண்ணன் அறை வாசலில் வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"லேட்டுக்கு அண்ணன் காரணம் இல்லை. மெஷினும் இல்லை. என் ஃபைல்தான்." அவள் திரையைக் காட்டினாள். வெள்ளைப் பெட்டி விஷயத்தை முழுக்கச் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று நிறுத்தாமல் சொன்னாள்.

முதலாளி திரையிலிருந்த முகத்தையும் சிவப்பு எழுத்தையும் பார்த்தார். கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினார்.

"அப்ப ஆறு மாசமா நான் இவரை..." மிச்சத்தை மென்று விழுங்கினார். "உங்களை என்னக்கா பண்றது நான்?"

"என்ன வேணா பண்ணுங்க. நாலு மணிக்கு அப்புறம் பண்ணுங்க. நர்ஸம்மா அட்டை முடியட்டும்."

வாசலிலிருந்து மெஷின் அண்ணன் பேசினார். "எனக்குத் தெரியும்."

இருவரும் திரும்பினார்கள்.

"என்ன தெரியும்?" என்றார் முதலாளி.

"அக்கா ஃபைல் மட்டும்தான் லேட்டாகுதுன்னு. வேற யார் பென்டிரைவ் கொடுத்தாலும் உடனே வந்துடும்." அவர் தன் அறைப்பக்கம் கையைக் காட்டினார். "அந்தத் திரையில கீழேருந்து ஒண்ணொண்ணா வரும். முதல்ல இந்தப் புள்ளை முகம்தான் வரும். பெரிசு இல்லையா, வர ஏழெட்டு நிமிஷம் ஆகும். முழுசா வந்து நிக்கும். அப்புறம் வெள்ளை வந்து மூடும். அப்புறம் மத்ததெல்லாம்."

"தினமுமா?" என்று கேட்டாள் அக்கா.

"ஒவ்வொரு வேலைக்கும்."

டிவி பார்க்கிறார் என்று சொன்னவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமே அண்ணே." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவர் இன்னும் கொஞ்சம் காதைத் திருப்பினார். அவள் மறுபடி சொன்னாள்.

"சொன்னா நீ எடுத்துடுவியே. எடுத்தா உனக்கு நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியலைம்மா. நானும் ஒட்டப் போனவன்தானே. வந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." அவ்வளவு நீளமாக அவர் பேசி அந்த அச்சகத்தில் யாரும் கேட்டதில்லை. அவருக்கே அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும், தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் பேசியது உள்ளே கேட்டது. "திங்கட்கிழமை வர வேணாம். இல்லைப்பா, இங்க ஆள் இருக்கு. என் தப்புதான்." திரும்பி வந்து யாருடைய முகத்தையும் பாராமல், "அண்ணே, பேப்பர் போடுங்க, நேரமாகுது" என்றார். அக்காவிடம், "அந்த ஃபைலைச் சுத்தம் பண்ணிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போய்விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து, நர்ஸின் படத்தையும் எட்டு வரியையும் மட்டும் அதில் எடுத்துப் போட்டாள். திருத்தத்தைச் செய்தாள். இன்னொரு பக்கத்தைத் திறந்து தம்பியின் படத்தை மட்டும் அதில் வைத்துச் சேமித்தாள். சிவப்பு எழுத்து இல்லை, உயரம் இல்லை, போன் நம்பர் இல்லை. வெறும் அவன். பிறகு அந்தப் பழைய ஃபைலுக்குத் திரும்பி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஏழு வருடத்துக்கு முன்னால் அழுத்த முடியாத பட்டனை அழுத்தினாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் திணறிவிட்டு வெள்ளையானது. இந்த முறை அது நிஜமான வெள்ளை.

நர்ஸ் அட்டை அரை நிமிடத்தில் வந்தது. நூற்றைம்பதும் மூன்று மணிக்குள் வெட்டிக் கட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து, இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனபிறகு அவள் மெஷின் அறைக்குள் போனாள். மெஷின் ஓய்ந்திருந்தது. அண்ணன் அதே ஸ்டூலில், அதே வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"பழக்க தோஷம்" என்றார்.

"அண்ணே, ஒரு படம் அனுப்பியிருக்கேன். ஒரே ஒரு பிரதி. நல்ல பேப்பர்ல போட்டுத் தரீங்களா? வீட்டுல அம்மாகிட்ட காட்டணும்."

இருந்ததிலேயே தடிமனான தாளை எடுத்து, ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தி, அவர் தட்டில் வைத்தார். ஸ்டூலை அவளுக்குத் தள்ளிவிட்டு, தான் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தத் திரையை அவள் முன்னாலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. நெற்றி வந்தது. பிறகு புருவம், அதில் தழும்பு. கண் வருவதற்கு நேரம் எடுத்தது. எல்லாமாக ஏழு நிமிடம் ஆயிற்று. இருவரில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.